கருணை வற்றியவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு

நம் செவிலியர்களுக்கு ஒரு வியாதி இருக்கிறதாம். பெயர் கருணைச் சோர்வு. அடுத்தவர் வலியைப் பார்த்துப் பார்த்து மனம் மரத்துப்போவது. 1992-இலேயே அமெரிக்காவில் கார்லா ஜாய்ன்சன் செவிலியர்களைப் பற்றி இப்படி எழுதிவிட்டார். இதை அளக்க முப்பது கேள்விகள் கொண்ட படிவம்கூட உண்டு. வேலையில் திருப்தி கிடைக்கிறதா, மனசு களைத்துப்போகிறதா என்றெல்லாம் கேட்கும். ஒன்று முதல் ஐந்து வரை எண் போட வேண்டும். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காது. அது வயிற்று விவகாரம், மனநலத்தில் சேராது போலும்.

மருந்தும் தயார்: மூச்சுப் பயிற்சி. நைட் டூட்டி முடித்து, ஹேண்டிங் ஓவர் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடும் சிஸ்டரை மறித்து உட்காரவைத்து, புன்னகையின் மகிமையைச் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும். வராதவருக்கு மெமோ.

கொஞ்சம் கணக்குப் போடலாமா? போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. விதி கவுன்சிலில் பத்திரமாக இருக்கிறது. வார்டில் இரவில் நாற்பது கட்டிலுக்கு ஒருவர் நிற்கிறார். கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் கணக்கில் வரமாட்டார். பன்னிரண்டு மணி நேரத்தை நாற்பதால் வகுத்தால் ஆளுக்குப் பதினெட்டு நிமிடம். ட்ரிப்ஸ் மாற்றுவது, ஊசி, பிபி, ரிஜிஸ்டர், ‘டாக்டர் எப்ப வருவாரு’ எல்லாம் அதற்குள்தான். நடுவில் ஒரு மூச்சுத்திணறல் கேஸ் வந்தால் மற்ற முப்பத்தொன்பது பேரின் நிமிடங்களும் அங்கே போய்விடும். இதில் மிச்சம் பிடித்துக் கருணை காட்ட வேண்டும். ‘அந்த சிஸ்டர் சிரிக்கவே மாட்டேங்குது’ என்று செல்போனில் படம் பிடிக்கிறார் உறவினர். அவர் கோபம் நியாயமானதுதான். கேமராவைத்தான் தவறான முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறார்.

சரி, திருப்தி? 2015-இல் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்குத் தமிழக அரசு கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் பணி நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில், ‘இரண்டு ஆண்டு ஆகிவிட்டதே’ என்று சென்னையில் மருத்துவத் துறை இயக்ககம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நாள்காட்டி பார்க்கத் தெரிந்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

பிறகு கொரோனா. 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்குக் கைதட்டினோம், தட்டைத் தட்டினோம். ஏப்ரலில் விளக்கேற்றினோம். மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர் மருத்துவமனைகள் மேல் பூத் தூவியது. (அந்தப் பூவைப் பெருக்கியதும் ஒப்பந்தத் தொழிலாளியாகத்தான் இருக்கும்.) அந்தக் காலத்தில் 14,000 ரூபாய்க்கு வந்து கவச உடைக்குள் வெந்தவர்களில் சுமார் 2,400 பேரை, 2022 டிசம்பர் 31-உடன் ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பினார்கள். மறுநாள் புத்தாண்டு. அவர்கள் தெருவுக்கு வந்தபிறகு, மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தில் தற்காலிக வேலை தருவதாகச் சொன்னார்கள். தற்காலிகத்திலிருந்து தற்காலிகத்துக்குப் பதவி உயர்வு! இடையில் ஆட்சி மாறியிருந்தது. எதிரும் புதிருமான இரண்டு கட்சிகளுக்கும் இந்த ஒன்றில் மட்டும் கொள்கை வேறுபாடு இல்லை. செவிலியருக்குக் கருணை வற்றியிருக்கலாம். வற்றுவதற்கு முதலில் ஊற வேண்டும் என்பதால் கோட்டைக்கு இந்த நோய் அண்டாது.

செவிலியர் தினமான மே 12 அன்று மெழுகுவத்தி ஏற்றி, ‘வெள்ளுடைத் தேவதைகளே’ என்று அமைச்சர் உருகுவார். தேவதைக்குப் பிஎஃப் பிடிக்க வேண்டாம், பேறுகால விடுப்பு தர வேண்டாம், எத்தனை வசதி! அன்று யாருடைய பிறந்தநாளோ, அந்த நைட்டிங்கேல் விளக்கைவிட அதிகம் பிடித்தது கணக்கை. கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தால் செத்ததைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் செத்ததே அதிகம் என்று வரைபடம் போட்டு ராணுவத்தின் மூஞ்சியில் நீட்டியவர். இன்று எந்த வார்டிலாவது இத்தனை கட்டிலுக்கு எத்தனை செவிலியர் என்று எழுதி நீட்டியிருந்தால், நிரந்தர ஊழியர் என்றால் அவரைப் புன்னகை வகுப்புக்கு அனுப்பியிருப்பார்கள். தொகுப்பூதியம் என்றால் வகுப்புச் செலவும் மிச்சம், நேரே வீட்டுக்கு.