நகராதவன் பெருமை

ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான் என்று என் வீட்டில் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. அமெரிக்காவில் அயோவா பக்கம் டிராக்டர் தானாக ஓடும் கதையை மச்சினன் போனில் விவரித்த பிறகுதான் எனக்கே தைரியம் வந்தது.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் டிராக்டர் தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது. வழியில் அயனி மண்டலம் சிக்னலைத் தாமதப்படுத்தும். கடிகாரம் ஒரு நானோ விநாடி பிசகினால் 30 செ.மீ. போச்சு. எல்லாம் சேர்ந்து சில மீட்டர் தள்ளிக் காட்டும். கல்யாண மண்டபம் தேட இது போதும். 76 செ.மீ. இடைவெளியில் நிற்கும் மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே களையெடுக்கப் போனால், களையை விட்டுவிட்டுப் பயிரைப் பிடுங்கும்.

இங்கேதான் என் ஆள் வருகிறார். ஒரு கம்பத்தின் உச்சியில் இன்னொரு ரிசீவர். பெயர் பேஸ் ஸ்டேஷன். உழாது, நடக்காது, காய்கறி வாங்கப் போகாது. தான் நிற்கும் இடம் அதற்குத் துல்லியமாகத் தெரியும். அதனால் வானத்திலிருந்து வரும் கணக்கு எவ்வளவு பிசகுகிறது என்பதும் பிடிபட்டுவிடும். அதை நொடிக்கு நொடி ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஓடும் டிராக்டருக்கும் அதே வானம், ஏறக்குறைய அதே பிசகு, கழித்துக்கொள்கிறது. ஆர்.டி.கே. என்ற இந்த முறை, சுமார் 19 செ.மீ. நீளமுள்ள ரேடியோ அலையையே பின்னமாக அளப்பதால், பிழை இரண்டு மூன்று செ.மீ.க்குள் அடங்கிவிடும்.

ஈஸிசேரில் சாய்ந்தபடி மனைவியிடம் சொன்னேன்: “நானும் நகர்றதில்லை. எல்லார் தப்பையும் உடனுக்குடன் சொல்றேன்.”

“அதுக்குத் தான் இருக்கிற இடம் தெரியுமாமே. உங்களுக்கு ரேஷன் கார்டு இருக்கிற இடமே தெரியாது” என்றாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

விஷயமே அதுதான். கம்பத்தின் இடத்தை ஒரு மீட்டர் தப்பாகப் பதிந்தால், அதை நம்பிய டிராக்டர்கள் அத்தனையும் ஒரு மீட்டர் தள்ளி, ஆனால் ஒற்றுமையாக, நேர்கோட்டில் உழும். எங்கள் குடும்பத்து முதலீடுகளும் அப்படித்தான்.

தூரமும் ஒரு தொல்லை. பத்து இருபது கிலோமீட்டர் வரை சரி. விலக விலக வானம் வேறாகி, திருத்தம் மங்கும். பெங்களூரு மகன் என் போனை எடுக்காததற்கு இதைவிடக் கௌரவமான காரணம் இதுவரை கிடைக்கவில்லை. நாடு முழுவதற்கும் செயற்கைக்கோள் வழியாகவே திருத்தம் சொல்லும் ‘ககன்’ நம்மிடமும் உண்டு, விமானங்களுக்காக அமைத்தது. ஆனால் செ.மீ. கணக்கெல்லாம் அதனிடம் கேட்கக் கூடாது.

2024 மே 10 அன்று பெரிய சூரியப் புயல் அடித்தது. அயனி மண்டலம் கலங்கியது. அயோவா பக்கம் அது விதைப்புக் காலம். விவசாயிகள் பலர் டிராக்டரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். “அப்பவும் கம்பம் இடத்தை விட்டு அசையலை, தெரியுமா?” என்றேன்.

“அந்தக் கம்பம் எத்தனை தடவை காபி கேக்குமாம்?”