மூன்றாம் மாடிக்குப் பெயர் இரண்டாம் டிவிஷன்

ஜவ்வாது மலைக்காரர்களுக்குத் தூரப் பார்வை அதிகம். காவலூர் வானாய்வகத்தில் உட்கார்ந்தபடியே 1988இல் ஒரு குறுங்கோளைப் பிடித்து, ராமானுஜன் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சீமைக்குப் போய்க் கோல் போட்ட மலைக்காரனைக் காட்டு என்றால்தான் தொலைநோக்கியைச் சிக்கிம் பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது. குற்றம் பிள்ளைகள் மேல் இல்லை. இந்தச் சரிவில் ஓங்கி உதைத்த பந்தை எடுக்க ஆலங்காயம் வரை இறங்க வேண்டும்; அதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

சிக்கிமின் சரிவும் லேசுப்பட்டதல்ல. அங்கே 1976இல் பிறந்த பாய்ச்சுங் பூட்டியா, பதினாறு வயதில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கால்பந்து கிளப்புக்கு வந்து சேர்ந்தார். 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. எதிரே மோகன் பகான். அதன் பயிற்சியாளர் அமல் தத்தாவுக்கு வாய் நீளம். பூட்டியாவை 'சம்சம்' என்று வங்காளத்து இனிப்பின் பெயர் சொல்லிக் கிண்டலடித்தார். சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000 பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க, இனிப்பு மூன்று கோல் போட்டது. ஈஸ்ட் பெங்கால் 4–1. தத்தாவுக்கு அன்றிரவு இனிப்பு இறங்கியிருக்காது.

இப்படிப்பட்டவர் 1999 செப்டம்பரில் 'மேலே' போனார். போன இடம் இங்கிலாந்தின் பரி கிளப். ஊரே மார் தட்டியது. எத்தனாவது மாடி என்று கேட்பாரில்லை. கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது: உச்சியில் இருப்பது பிரீமியர் லீக், இரண்டாம் மாடிக்கு அன்று பெயர் முதல் டிவிஷன், மூன்றாம் மாடிக்கு இரண்டாம் டிவிஷன். நமக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்த ஜாதி அது. பரி இருந்தது மூன்றாம் மாடியில், அதுவும் அந்த வருஷம்தான் கீழே விழுந்து. விழுந்த விதம் இன்னும் அழகு. போர்ட் வேல் அணியும் பரியும் சமப் புள்ளி. கோல் வித்தியாசம் பார்த்திருந்தால் பரி தப்பித்திருக்கும். விதியோ அடித்த கோல்களை மட்டும் எண்ணியது. பரி அடித்தது குறைவு. சரி, இனி அடிக்க ஆள் வேண்டும் என்று பூட்டியாவைக் கொண்டுவந்தால், அதே சீசனில் லீக்காரர்கள் கோல் வித்தியாசத்துக்கே விதியை மாற்றிவிட்டார்கள்!

இவருக்கு முன் 1936இல் கொல்கத்தாவின் முகமது சலீம், காலில் துணி சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு செல்டிக் அணிக்கு இரண்டு ஆட்டம் ஆடி ஸ்காட்லாந்தை வாய்பிளக்க வைத்தார். பிறகு வீட்டு ஞாபகம் வந்து கப்பலேறிவிட்டார். எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும். பூட்ஸும் வேண்டாம், சீமையும் வேண்டாம்.

பூட்டியாவுக்கு விசாவே முதல் எதிரணி. அதைத் தாண்டி, அக்டோபர் 3 அன்று கார்டிஃபுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். பந்து தரையைத் தொடுமுன் ஓர் உதை விட்டார். அது திசைமாறி டேரன் புல்லக்கிடம் வர, அவர் உள்ளே தள்ளினார். கோல் புல்லக் கணக்கில். அழைத்துவந்த மேனேஜர் நீல் வார்னாக் டிசம்பரில் ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்குத் தாவினார். கல்யாணத்தை முடித்துவைத்துவிட்டுப் பந்தி போடுமுன் நழுவிய தரகர் மாதிரி. சொந்தப் பெயரில் முதல் லீக் கோல் விழ 2000 ஏப்ரல் 15 ஆகிவிட்டது, செஸ்டர்ஃபீல்டுக்கு எதிராக. அடுத்து கிளப் கடனில் மூழ்கியது, இவருக்குக் காயம். 2002இல் மூட்டை கட்டும்போது கணக்கு: 37 லீக் ஆட்டம், 3 கோல்.

மூன்றுதானா என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் சால்ட் லேக்கை நினைத்துக்கொள்ளட்டும். அங்கே ஒரே பகலில், லட்சம் பேர் முன்னால் போட்டதும் மூன்றுதான். சீமையில் அதே சரக்கை மூன்று வருஷமாக, சில ஆயிரம் பேர் முன்னால், மழையில் நின்று விற்றிருக்கிறார். நாம் கொண்டாடுவது இரண்டாவதை. வரலாற்றுப் புத்தகமும் 'ஆங்கில லீக்கில் கோல் போட்ட முதல் இந்தியர்' என்றுதான் தடித்த எழுத்தில் போடும். பரியின் பங்குக்கு, 2019இல் கடன் தொல்லையால் லீக்கிலிருந்தே அதைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

ஒருவழியாக ஐரோப்பாவின் உச்சி மாடியே பூட்டியாவைத் தேடி வந்தது. 2012 ஜனவரியில், டெல்லியில் அவருடைய பிரியாவிடை ஆட்டம். விருந்தாளி பேயர்ன் மியூனிக். வந்தவர்கள் மரியாதைக்குக்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை: நான்கு கோல் மொய் எழுதினார்கள், ஒன்றையும் திருப்பி வாங்கிக்கொள்ளாமல் விமானம் ஏறினார்கள்.