மோலே அரைக்கக் கிளம்பிய பேராண்டிக்கு

கண்ணு, மெக்சிகோச் சமையலைப் பத்தி நீ கேட்டதுக்கு நேராவே பதில் சொல்லிப்போடறேன். மெக்சிகோக்காரன் சோறு நல்ல சோறு. அதுல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனா அதுக்காக நீ படற பாட்டுல பாதி தண்டம். எந்தப் பாதின்னு தெரியாமத்தான் முழிச்சுக்கிட்டு இருக்கறே. பெங்களூரு சர்வக்ஞ நகர்த் தொகுதியில ஓட்டு இருக்கறதால எல்லாம் தெரியும்னு ஒரு நினைப்பு வேற.

உன்ற அடுப்படி அலமாரியைப் பாத்தேன். சிப்போட்லே டப்பா, ஹலப்பேன்யோ பாட்டில், உப்புத்தண்ணியில போட்ட கள்ளி ஒரு சீசா, ஏரோப்ளேன்ல வந்த மிளகாய்ப் பொட்டலம். வாங்குனதோட சரி, பாதிக்கு மேல மூடியே திறக்கலை. உன்ற வீட்டு அம்மிணிதான் வாரா வாரம் எடுத்துத் தூசி தட்டி அடுக்குது. ஆயுத பூசைக்குக்கூட அந்தப் புள்ள இத்தனை தடவை எதையும் துடைச்சிருக்காது.

மொதல்ல அந்த நாச்சோ சமாச்சாரத்தை முடிச்சுப்போடலாம். மாலுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, மொறுமொறுன்னு ஒரு வில்லை மேல மஞ்சப் பசையை ஊத்திக் குடுத்து, இதுதான், அப்பாரு, மெக்சிகோன்னு சொன்னே. 1940கள்ல, பியெத்ராஸ் நெக்ராஸ்ங்கற எல்லையூர்ல, ஆத்துக்கு அக்கரையில ஈகிள் பாஸ்லருந்து அமெரிக்கப் பட்டாளத்துக்காரங்க வீட்டுப் பொம்பளைங்க வந்து பசிக்குதுன்னு உக்காந்தாங்க. சமையல்காரன் ஆளைக் காணோம். ஓட்டல்ல இருந்த இக்னாசியோ அனாயாங்கறவர் கைக்குச் சிக்குன டார்ட்டியாங்கற சோள ரொட்டியை வெட்டி, சீஸைப் போட்டு, மிளகாயை வெச்சு நீட்டுனார். அவரு செல்லப்பேருதான் நாச்சோ. நல்ல மனுசன், பசிச்ச வயித்துக்கு ஒடனே வழி பண்ணுனான். அதைக் குறை சொல்லலை. 2010ல டாகோ பெல் இந்தியாவுலயே மொதக் கடையை இதே பெங்களூரு மந்திரி மால்ல திறந்தப்ப நீங்கெல்லாம் க்யூவுல நின்னதையும் குறை சொல்லலை. ஆனா அதைத் தின்னுட்டு மெக்சிகோ சமையலைப் பத்திப் பேசறது, காட்பாடி ரயிலடியில வடை வாங்கித் தின்னவன் செட்டிநாட்டு விருந்தைப் பத்திப் பேசற கதைதான்.

அங்கயும் ஊருக்கு ஒரு சாப்பாடு இருக்குது. வடக்க சொனோராவுல கோதுமை விளையும், அதனால கோதுமை டார்ட்டியா. யுகத்தான் பக்கம் பன்னிக்கறியைப் புளிப்பு ஆரஞ்சுச் சாறுலயும் செவப்பு அச்சியோத்தே விதையிலயும் ஊறப்போட்டு, வாழை எலையில கட்டி, குழிக்குள்ள வெச்சு மூடிச் சுடுவாங்க. வெராக்ரூஸ் துறைமுகத்துல மீனுக்கு ஆலிவ் காய் சேரும், ஸ்பெயின் கப்பல் வந்து நின்ன ஊரு இல்லையா. வஹாக்காவுல மோலேங்கற குழம்பே ஏழு வகைன்னு கணக்குச் சொல்லுவாங்க. 2010ல யுனெஸ்கோ மெக்சிகோவோட பாரம்பரியச் சமையலை மரபுச் சொத்துப் பட்டியல்ல சேத்தப்ப மிச்சோவகான் மாநிலத்துக் கிராமத்துச் சமையலைத்தான் மாதிரியாக் காட்டுனாங்க. டயானா கென்னடின்னு ஒரு இங்கிலீஷ்காரம்மா. ஊர் ஊராப் போயி, அடுப்படி அடுப்படியா உக்காந்து கேட்டு 1972ல ஒரு புஸ்தகம் போட்டுது. பொறவு அதே மிச்சோவகான்ல வீடு கட்டித் தங்கிருச்சு. 2022ல 99 வயசுல கண்ணை மூடற வரைக்கும், கண்டதையும் கலக்கி மெக்சிகோன்னு விக்கறவங்களைத் திட்டறதை நிறுத்தலை. எனக்கு அந்தம்மாவை ரொம்பப் பிடிக்கும்.

சரி, விசயத்துக்கு வாரேன். நீ வெளியூர்லருந்து டப்பா இறக்கறே. கீழ காக்ஸ் டவுன் மார்க்கெட்ல பச்சைப்பசேல்னு முனை மடங்கிக் குவிஞ்சு கிடக்குதே சௌ சௌ, அது எந்த ஊருக் காயின்னு நினைச்சே? அதே மெக்சிகோச் சீமைக் காய். நம்ம சனங்க அதுக்குப் பெங்களூர் கத்தரிக்காய்னு பேர் வெச்சு உள்ளூர்க்காரியாக்கிட்டாங்க. அம்மிணி கூட்டு வெச்சா, தண்ணிக் காயின்னு தட்டு ஓரத்துல ஒதுக்கி வெக்கறே. அதையே சயோத்தேன்னு மெனுவுல எழுதி நானூறு ரூவா போட்டா ரசிச்சுத் தின்னுவே. வெண்ணெய்ப்பழமும் அப்படித்தான். இந்த ஊரு ஜூஸ் கடையெல்லாம் அதைப் பாலும் சக்கரையும் போட்டு பட்டர் ஃப்ரூட்னு எத்தனையோ வருசமா அடிச்சுக் குடுத்துக்கிட்டு இருக்குது. நீ குவாக்கமோலேன்னு கண்டுபிடிச்சது நேத்து.

அந்தக் கள்ளிச் சீசாவைப் பாத்தாத்தான் எனக்குச் சிரிப்பு அடங்க மாட்டேங்குது. அது நம்ம சப்பாத்திக்கள்ளி சாதிதான். 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில ஜேம்ஸ் ஆண்டர்சன்னு ஒரு கம்பெனி டாக்டர் சைதாப்பேட்டையில அதுக்குன்னு தோட்டமே போட்டார். கள்ளியில வளர்ற பூச்சியிலருந்து செவப்புச் சாயம் எடுக்கணும், ஸ்பெயின்காரன் ஏகபோகத்தை ஒடைக்கணும்னு ஆசை. வந்து சேந்த பூச்சி வேற சாதி. உருப்படியாச் சாயம் தரலை, கள்ளியை மட்டும் வளைச்சுத் தின்னுது. நாங்க ஆடு மேய்க்கப் போனா அந்தப் பழத்தை மண்ணுல உருட்டி, பூ முள்ளைத் தேச்சு எடுத்துட்டுத் தின்னு, வாயெல்லாம் ரத்தச் செவப்பா வருவோம். மெக்சிகோக்காரங்க மடலையே முள்ளைச் சீவிப்போட்டுப் பொரியல் பண்ணறாங்க, கெட்டிக்காரங்க. ஆனா கள்ளிக்குக் காசு குடுத்தவன் நம்ம வம்சத்துல நீ ஒருத்தன்தான்.

இப்ப பாடு எங்க படலாம்னு சொல்றேன். டார்ட்டியாவுல படு. அதுதான் அந்தச் சமையலுக்கு அஸ்திவாரம். அதை விட்டுட்டு மத்ததை எத்தனை இறக்குமதி பண்ணுனாலும் பிரயோசனமில்லை. பாக்கெட் டார்ட்டியா அட்டை மாதிரி இருக்குதுன்னு நீயே சொன்னே.

மக்காச்சோளம் காய்ஞ்ச முத்தா வேணும். கருதோட விக்கற ஸ்வீட் கார்ன் ஆகாது, பாலு பிடிச்ச இளஞ்சோளம் மாவா நிக்காது. வடநாட்டு மக்கி மாவும் ஆகாது, அது சுண்ணாம்பு காணாத மாவு, தட்டுனா விரியாம ஒடையும். தாவணகெரே, ஹாவேரிப் பக்கம் விளையறதுல பெரும்பாலும் கோழித்தீவனத்துக்குத்தான் போகுது. அதனால தீவன மூட்டையில கை வெக்காம, தானியக் கடையில மனுசன் திங்கறதுக்குன்னு கேட்டு, பூஞ்சை இல்லாம வாங்கு. வெதைச் சோளத்தை மட்டும் தொட்டுராதே. ரோஸ் கலர்ல இருந்தா அது அழகுக்கு இல்லை, மருந்து போட்டு வெச்சது.

ஒரு கிலோ சோளத்துக்குப் பத்து கிராம் கணக்குல சுண்ணாம்பு. வெத்தலைக்குப் போடற அதே சுண்ணாம்புதான், பசையா இருந்தா கொஞ்சம் கூடப் போடு. தண்ணி தாராளமா ஊத்தி வேக வை. ஒரு முத்தை எடுத்து ரெண்டு வெரல்ல தேச்சா தோலு வழுக்கிக்கிட்டு வரணும், கடிச்சா உள்ள கரு கொஞ்சம் கெட்டியா இருக்கணும். அந்தப் பதத்துல அடுப்பை அணைச்சு, மூடிபோட்டு ராத்திரி பூராவும் விட்டுரு. காலையில தண்ணி மஞ்சளா வழவழன்னு இருக்கும், ஒரு வாசம் அடிக்கும். வெள்ளையடிச்ச வீட்டுக்குள்ள சோளக்கருது சுட்ட வாசம்னு வெச்சுக்கோ. அலசிக் கழுவி அரைக்க வேண்டியது.

இந்தச் சுண்ணாம்பு ருசிக்கு மட்டும் இல்லை சாமி. மக்காச்சோளத்துல இருக்கற நயாசின் சத்தைச் சுண்ணாம்புதான் வயித்துக்கு ஒட்டறாப்புல விடுவிச்சுக் குடுக்குது. வெள்ளைக்காரன் சோளத்தைக் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போனான், மெக்சிகோப் பொம்பளைங்க கைப்பக்குவத்தை விட்டுட்டுப் போனான். வடக்கு இத்தாலியிலயும் பின்னால அமெரிக்காவோட தெக்குப் பகுதியிலயும் சுண்ணாம்பு காணாத சோளத்தையே தின்ன ஏழைங்களுக்குப் பெல்லக்ரா வந்து, தோலு உரிஞ்சு, வயித்தால போயி, புத்தி பேதலிச்சுச் செத்தாங்க.

அரைக்கறதுக்கு அம்மி தேடிக்கிட்டு அலையாதே. பாரம்பரியம்னு சொல்லி அந்த ஊரு மெத்தாத்தேக் கல்லை இணையத்துல பாத்து வெச்சிருக்கறயாமே. அங்க பொம்பளைங்க அந்தக் கல்லுக்கு முன்னால முட்டி போட்டுத் தினமும் மணிக்கணக்கா அரைச்சாங்க. போன நூற்றாண்டுல ஊருக்கு மில்லு வந்ததும் பக்கெட்டுல சோளத்தைத் தூக்கிக்கிட்டு மில்லுக்குப் போனாங்க, அழுதுக்கிட்டா போனாங்க? புவிசார் குறியீடு வாங்குன நம்ம கோயமுத்தூர் கிரைண்டர் உன்ற வீட்டுலயே இருக்குது. அமெரிக்காவுல கொக்கோ அரைச்சுச் சின்ன அளவுல சாக்லேட் பண்றவங்களே நம்மூர் கிரைண்டரை வாங்கி ஓட்டறாங்க. கெட்டி மாவுக்கு மோட்டார் திணறும். கைப்பிடி கைப்பிடியாப் போட்டுத் தண்ணி தெளிச்சு அரை. பொறவு நந்தினி பால் கவரை வெட்டிக் கழுவி, ரெண்டு தாளுக்கு நடுவுல எலுமிச்சை அளவு உருண்டையை வெச்சு, அடி கனத்த பாத்திரத்தால ஒரே அழுத்து. ஓரம் வெடிச்சா தண்ணி பத்தலை, கவர்ல ஒட்டுனா தண்ணி ஜாஸ்தி. காய்ஞ்ச தோசைக்கல்லுல போட்டு, கொஞ்ச நேரத்துல திருப்பி, இன்னொருக்காத் திருப்புனா உப்பும். துணியில சுத்தி வை. தொட்டுக்கறதுக்குத் தக்காளி, பூண்டு, பச்சைமிளகாயை அதே கல்லுல கருகச் சுட்டு இடிச்சுக்கோ. அவுங்க தொமாத்தியோன்னு போடற காயிக்குப் பங்காளி நம்ம வேலியோரச் சொடக்குத் தக்காளி. பழுத்தது கிடைச்சாச் சேத்துக்கோ, நெத்தியில சொடக்குனது போக மிச்சம் இருந்தா.

மோலே விசயத்துல நான் கறாரா இருக்கறேன். அது வருசத்துக்கு ஒருக்காப் போதும். அங்கயே அது கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் சொந்தக்காரங்க பத்துப்பேரு சேந்து பண்றது. மிளகாய் வகையே மூணு நாலு, எள்ளு, பாதாம், நெலக்கடலை, திராட்சை, பட்டை, கிராம்பு, சுட்ட டார்ட்டியா, கொஞ்சம் சாக்லேட், சாக்லேட்டைத் தவிர ஒவ்வொண்ணும் தனித்தனியா வறுத்தாகணும். நீ ஒத்தை ஆளு. வறுக்கறது நீ, வறுத்த சட்டியைத் தேய்க்கறது யாருன்னு அம்மிணி என்கிட்டச் சொல்லியிருக்குது. கறுப்பு மோலேக்கு வேணுங்கற சில்வாக்லே மிளகாய் வஹாக்காவுலயே கொஞ்ச எடத்துலதான் விளையுது, அங்கயே கொள்ளை விலை. அதுக்குப் பதிலா பேடகி மிளகாயைப் போடு, நிறம் வரும், காரம் அடங்கியிருக்கும். அந்த வாசம் வராது, வந்துருச்சுன்னு வர்றவங்ககிட்டக் கதை விடாதே. காக்ஸ் டவுன் மோலேன்னு சொல்லிப் பரிமாறு, மரியாதையா இருக்கும். ஒக்டாவியோ பாஸ்னு அவுங்க பெரிய கவி, 1962லருந்து 1968 வரைக்கும் டெல்லியில தூதரா இருந்தவர், மோலேயையும் நம்ம குழம்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதியிருக்கார். அவரே அப்படிப் பாத்தப்ப நீ பேடகிக்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அங்க திங்கற வெட்டுக்கிளி வறுவல் வேணும்னா அடுத்த மழைக்கு ஊருக்கு வா, ஈசல் பிடிச்சுப் பொரியரிசியோட வறுத்துத் தாரேன், சும்மா. விட்லகோச்சேங்கறது சோளக்கருதுல வர்ற கரிப்பூட்டை. நம்ம தோட்டத்துல வந்தாப் பிடுங்கி எரிப்போம், அங்க வதக்கித் தின்னறாங்க. நல்லாத்தான் இருக்குமாம், இருந்துட்டுப் போகட்டும். கொலீமாவுல தென்னங்கள்ளுக்குத் தூபான்னு பேரு. மணிலாக் கப்பல்ல வந்த பிலிப்பைன்ஸ்காரங்க சொல்லிக்குடுத்த தொழில், இன்னைக்கும் தெருவுல வெச்சு விக்கறாங்க. என்ற தோப்புல நான் இறக்குனா கேஸு.

மெக்சிகோவைத் தேடி நீ அலையறதுக்கு முன்னாலயே அது உன்ற தட்டுக்கு வந்துருச்சுடா. 1966ல பஞ்சம் தலைக்கு மேல நின்னப்ப, எங்க பொள்ளாச்சிக்காரர் சி. சுப்பிரமணியம் விவசாய மந்திரி. விஞ்ஞானிங்க போர்லாக்கும் நம்ம கும்பகோணத்து எம்.எஸ். சுவாமிநாதனும் சொன்னதை நம்பி, மெக்சிகோவுலருந்து 18,000 டன் வெதைக் கோதுமையை இறக்கச் சொன்னார். லெர்மா ரோஹோ, சொனோரா 64ன்னு அந்த ரகங்களுக்குப் பேரு. சும்மா கடுதாசியில கையெழுத்துப் போட்டுட்டு உக்காந்திருக்கலை, டெல்லி பங்களாப் புல்தரையை உழுது அங்கயே வெதைச்சுக் காட்டுனார். நீ ராத்திரி திங்கற சப்பாத்திக்கு அந்த வம்சம்தான் பாட்டன்.

வர்ற சனிக்கிழமை ராத்திரி சோளத்தை வேக வெச்சு ஊற விடு. ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூப்பிடு, சட்டியை நீ தேய். சுண்ணாம்பு வாங்கறப்ப வாசனை போட்டதை வாங்கிராதே, டார்ட்டியா பூரா பன்னீர் நாத்தம் அடிக்கும். கூடவே எனக்கு ஒரு கவுளி வெத்தலையும் வாங்கிக்கிட்டு வா.