'மே'க்கும் 'ஷல்'லுக்கும் நடுவுல ஐநூறு ரூவா

உக்காரு கண்ணு. நாளைக்கு இண்டர்வியூன்னு விடிஞ்சதுல இருந்து இந்தத் திண்ணையில நீ இங்கிலீசு பேசுறதைக் கேட்டு, கொட்டாய்ல எருமை பால் சுரக்க மாட்டேங்குது.

"யெஸ்டர்டே ஐ ஹேட் கம்"முன்னு எத்தன தரம் சொன்னே? நான் எட்டாங்கிளாசோட நின்னவன்தான். ஆனா பத்திர ஆபீசு வாசல்ல முப்பது வருசம் எழுதிப் பொழச்சவன். அது தமிழ் வாலுடா. 'நேத்து வந்திருந்தேன்'னு சொல்லுவோமில்ல, அந்த 'இருந்தேன்'தான் உன் வாயில 'ஹேட்'டா வருது. ரெண்டு காரியம் நடந்து, அதுல முந்தி முடிஞ்சது எதுன்னு காட்டத்தான் வெள்ளக்காரன் அதை வெச்சிருக்கான். நான் அடிவாரத்துக்குப் போறதுக்குள்ள ஏற்காடு பஸ்சு போயிருச்சு பாரு, அங்க போடு. நேத்து வந்ததுக்கு வெறும் 'கேம்' போதும்.

அப்புறம், "டெய்லி ஐ வில் வேக் அப் அட் ஃபைவ்." 'தெனமும் எந்திரிப்பேன்'ங்கறது நமக்குச் சரி, பழக்கத்துக்கும் எதிர்காலம் பேசுவோம். அங்க 'வில்'லை எடுத்துட்டு 'ஐ வேக் அப்'புன்னு சொல்லணும். எட்டு மணிக்கு எந்திரிக்கிறவன் எந்தக் காலத்துல சொன்னா என்ன, பொய்யி பொய்யிதான்.

வேலை குடுத்தா சேருவியான்னு கேட்டா "ஐ மே ஜாயின்"னு சொல்லப் போறியாக்கும்? 'மே'ன்னா 'லாம்'. சேரலாம், சேராமயும் போகலாம். அந்த ஒத்தை 'லாம்'முல நாடே கொதிச்சுதுடா. 1963ல டெல்லியில ஆட்சிமொழிச் சட்டம் போட்டாங்க. 1965க்கு அப்புறமும் இங்கிலீசு 'தொடரலாம்'னு எழுதி, 'மே' வெச்சாங்க. மேயும் ஷல்லும் ஒண்ணுதான்னார் நேரு. ஒண்ணுதான்னா 'ஷல்'லையே போடுறதுன்னு தி.மு.க.காரங்க மடக்கினாங்க. போடல. 1965 ஜனவரியில இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவனுங்க தெருவுக்கு வந்தாங்க. நான் அப்ப அரை டவுசரு. எத்தனை உசுரு போச்சு!

1967ல திருத்தினாங்க. அப்பவும் பழைய 'மே' அங்கியேதான் உக்காந்திருக்கு. இந்தியை ஏத்துக்காத ராஜ்யத்தோட மத்திய சர்க்காரு எழுத்துப் போக்குவரத்து வெச்சா இங்கிலீசுலதான்னு பக்கத்துல ஒரு 'ஷல்'லை ஒட்டுனாங்க. அந்த ராஜ்யங்க அத்தனையும் தீர்மானம் போடாம இதை எடுக்க முடியாதுன்னு தாப்பாளும் போட்டாங்க. பத்திரம் எழுதறவன் கண்ணுக்கு அது நல்ல வேலைப்பாடு.

எங்க தொழில்ல அந்த 'ஷல்'லுக்குப் பேரு 'கடவேன்'. 'செலுத்தக் கடவேன்'னு எழுதிட்டா தப்ப முடியாது.

இப்ப பஸ்சுக்கும் சட்டை இஸ்திரிக்கும் ஐநூறு ரூவா கேக்கறே. போன மாசம் முந்நூறு வாங்கும்போது என்ன சொன்னே? "தந்துடலாம் தாத்தா." லாம்! இந்தா பேனா. 'திருப்பித் தரக் கடவேன்'னு எழுதிக் கையெழுத்துப் போடு. இங்கிலீசுலதான் எழுதுவேன்னா எழுதிக்க, 'ஷல்' இருக்கணும். 'மே' போட்டியோ, நானும் தரலாம்.