மோட்டார் போட்டாச்சா?

வீட்டைப் பூட்டி, பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்து, கேட்டைச் சாத்தி, ஆட்டோவில் ஏறி, தெருமுனைப் பிள்ளையாரைத் தாண்டியதும் “கேஸை மூடினோமா?” என்று கேட்கும் ஆண்பிள்ளைகளை உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருப்பார். நான் சொல்லப்போகிறவர் அந்தப் படிப்பில் முனைவர் பட்டம் வாங்கியவர். எனக்கு மிகவும் வேண்டிய ஒரு பெண்மணியின் கணவர். பெயரை எழுதப்போவதில்லை. அவர் பெயரை வாயால் சொல்லியே எனக்குப் பழக்கமில்லை. எழுத்திலும் அந்த மரியாதை இருந்துவிட்டுப் போகட்டும்.

கேஸ் அவருக்குச் சில்லறை விஷயம். பால் பாக்கெட், பேப்பர்காரர், பின்கட்டு ஜன்னல் எல்லாமே சில்லறைதான். அவர் உயிர் இருப்பது மோட்டாரில். மடிப்பாக்கத்து வீட்டின் மாடிப்படிக்குக் கீழே, பழைய குடைகளுக்கும் உடைந்த கேரம் போர்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு குதிரைசக்தி மோட்டார். ஊரில் இருக்கும்வரை அதன் நினைவே அவருக்கு வராது. பெட்டியைத் தூக்கியதும் வந்துவிடும்.

வெள்ளிவிழாத் திருமண நாளுக்குப் பிள்ளைகள் பணம் சேர்த்து லட்சத்தீவுக் கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். கொச்சியில் எம்.வி. கவரத்தியில் ஏறினால் ஐந்து நாள். ராத்திரி கப்பலில் தூக்கம், பகலில் தீவு: கவரத்தி, கல்பேனி, மினிக்காய். அந்தத் தீவுகளுக்கு நினைத்தபடி கிளம்பிப் போய்விட முடியாது, நுழைவு அனுமதி வாங்க வேண்டும். அந்த வேலையெல்லாம் மனைவி பார்த்துக்கொண்டாள். அவர் அந்த நேரத்தில் எதிர்வீட்டு சாருக்காக ஒரு தாள் தயாரித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன். ஏ4 அளவு, ஸ்கேல் வைத்துப் போட்ட படம். ‘பச்சைப் பொத்தான் – போட. சிவப்புப் பொத்தான் – நிறுத்த. காலை 6.10க்குப் போட்டு 6.35க்கு நிறுத்தவும். தண்ணீர் ஏறாமல் சும்மா ஓடினால் உடனே நிறுத்தவும், காயில் போய்விடும். தொட்டி வழியும் சத்தம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.’ கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. எதிர்வீட்டு சார் மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவர். அவருக்குத்தான் இந்தப் பாடம். மனிதர் தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முழுக்கப் படித்துவிட்டு, “பாஸ் மார்க் எவ்வளவு சார்?” என்று மட்டும் கேட்டார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். வீட்டில்தான் யாருமே இல்லையே, தண்ணீர் எதற்கு? மனைவிக்கும் அந்தச் சந்தேகம் வந்தது, ரயில் காட்பாடி தாண்டும்போது. கேட்டாள். “தொட்டி காலியா கிடந்தா வெயில்ல வெடிச்சிடும்” என்றார். “ரொப்பி வச்சுட்டுத்தானே வந்தோம்?” என்றாள். “மோட்டார் ஓடாம கிடந்தா ஜாம் ஆயிடும்” என்றார். யாரும் தொடாத தொட்டியில் தினமும் தண்ணீர் ஏற்றினால் எங்கே போகும் என்று அவள் கேட்கவில்லை. மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துவிட்டாள்.

கப்பல் வில்லிங்டன் தீவை விட்டு நகர்ந்து, கொச்சியின் கட்டடங்கள் சிறுத்து, சூரியன் இறங்கும் நேரம். ஊருக்குத் திரும்பும் தீவுக்காரர்களும் சுற்றுலா வந்தவர்களும் கம்பியோரம் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்மவர் மட்டும் எதிர்ப்புறம் நின்று, போனைத் தலைக்குமேல் தூக்கிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோ எடுக்கிறார் என்று நினைத்து ஒருவர் மரியாதையாக விலகி நின்றார். அவர் பிடித்துக்கொண்டிருந்தது மிச்சமிருந்த ஒரு கோடு சிக்னலை. “ஹலோ, சார், காலைல போட்டது...” என்றதும் அதுவும் அறுந்தது. கணவரும் மனைவியும் நடுக்கடலில், நிலா வெளிச்சத்தில், தொந்தரவு செய்ய ஒரு மிஸ்டு கால்கூட வராத ராத்திரி. அதை நினைத்துத்தான் பிள்ளைகள் பணம் கட்டியிருந்தார்கள்.

நடுராத்திரி கேபினில் எழுந்து உட்கார்ந்தார். “கேக்குதா?” என்றார். கப்பல் எஞ்சின் சத்தம். “கொஞ்சம் முன்னாடி வேற மாதிரி இருந்துச்சு. இப்ப மாறுது. காத்து வாங்குது போல.” “அதைப் பாத்துக்க அவங்க ஆள் வச்சிருப்பாங்க, படுங்க” என்று பதில் போயிற்று. எழுநூறு பேரைச் சுமக்கிற கப்பல் அது. அவ்வளவு பேரும் தூங்க, சிவப்புப் பொத்தான் எங்கே என்ற யோசனையில் அவர் ஒருவர் விடியவிடிய விழித்திருந்தார்.

லட்சத்தீவில் கப்பல் கரை வரைக்கும் வராது. பவளப்பாறைக்கு வெளியே ஆழத்தில் நின்றுகொள்ளும். சின்னப் படகுகள் வந்து ஒட்டும். அலை தூக்கிக் கொடுக்கிற அந்த ஒரு விநாடியில் மாலுமிகள் இரண்டு கையையும் பிடித்து நம்மைப் படகில் இறக்குவார்கள். கவரத்தியில் அவரை இறக்கும்போது பிடிப்பதற்கு ஒரு கைதான் கிடைத்தது. மற்றதில் போன். “போன் போக்கெட்டில் இடு சாரே!” என்று கீழேயிருந்த மாலுமி கத்தினார். இவர் முகத்தில் பரவசம். கடலைப் பார்த்தல்ல, இரண்டு கோடு வந்திருந்தது.

கொச்சியிலிருந்து தீவுகளுக்குக் கடலடியில் ஒளியிழைக் கம்பி போட்டு, 2024 ஜனவரியில் பிரதமர் தொடங்கிவைத்தார். அதுவரை செயற்கைக்கோளை நம்பி, ஊர்ந்துகொண்டிருந்த தொடர்புதான். தீவு மக்களுக்கு நல்ல காலம், மறுக்கவில்லை. அதற்கு முன்னாலேயே வெள்ளிவிழா வந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று ஒரு பெண்மணி நினைத்ததையும் மறுக்கவில்லை.

மணலில் கால் வைத்ததும் முதல் அழைப்பு. “சார், நான்தான். போட்டாச்சா? எத்தனை மணிக்கு? ஆறு பதினஞ்சா? ஏன் அஞ்சு நிமிஷம் லேட்டு? சரி சரி. நின்னுச்சா? நீங்க நிறுத்தினீங்களா, அதுவா நின்னுச்சா?” எதிரே கடல். கரையோரம் இளம்பச்சை, தள்ளிப் போகப் போக நீலம், பாறை வரம்புக்கு அப்பால் கருநீலம். அவர் அதற்கு முதுகு காட்டி நின்று, காற்றுச் சத்தம் விழாமல் வாயைக் கையால் மூடிப் பேசிக்கொண்டிருந்தார். அடிப்பாகம் கண்ணாடியான படகில் ஏற்றிப் பவளத்தைக் காட்டினார்கள். குனிந்து பார்த்தார். மீன்களை அல்ல, கண்ணாடி ஓரத்து ரப்பரை. “கசிவு இல்லை. நல்லா போட்டிருக்கான்” என்று சான்றிதழ் கொடுத்தார். உஜ்ரா பள்ளிவாசலின் மரச் சிற்ப வேலைப்பாட்டை வெளியே நின்று எல்லாரும் விசாரித்துக்கொண்டிருந்தபோது இரண்டாவது அழைப்பு.

அப்புறம்தான் அந்த வினை வந்தது. வேனில் போகும்போது ஓட்டுநர் கடற்கரைப் பக்கம் கை காட்டி, அதுதான் குடிதண்ணீர் ஆலை என்றார். வண்டி நின்றது, நிறுத்த வைத்தார். 2005இல் கட்டியது, தினம் ஒரு லட்சம் லிட்டர். மேல்மட்டத்துக் கடல்நீர் சூடு, அடியாழத்து நீர் குளிர்ச்சி. அந்த வித்தியாசத்தை வைத்தே உப்பைப் பிரிக்கிறார்கள். மேல்நீரை வெற்றிடத்துக்குள் விட்டால் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து நீண்ட குழாயில் இழுத்த குளிர்நீர் அந்த ஆவியைத் திரும்பத் தண்ணீராக்கும். கிணறுகளில் உப்பு ஏறித் தவித்த தீவுக்கு இது சின்ன விஷயமில்லை. அவர் கண் கலங்கியதை நானே பார்த்தேன். கேட்ட கேள்வி: “எத்தனை ஹெச்.பி. மோட்டார்?”

இதை அமைத்துக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார். மடிப்பாக்கத்திலிருந்து கூப்பிடு தூரம். ராத்திரி முழுக்க ரயில், மறுராத்திரி முழுக்கக் கப்பல், அரபிக் கடலைக் கடந்து போய், பக்கத்துத் தெருக்காரர்கள் போட்ட மோட்டாரைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. வெள்ளிவிழாப் புகைப்படமும் அங்கேதான். பட்டுப்புடவை, மல்லிகைக்குப் பதில் தீவில் கிடைத்த ஏதோ ஒரு பூ, பின்னால் குழாய். அதுதான் இப்போது கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

கல்பேனியில் ஒரு அதிசயம் நடந்தது. போனைச் சார்ஜில் போட்டவர் கப்பலிலேயே மறந்துவிட்டு இறங்கிவிட்டார். ஒரு மணி நேரம் தவித்தார். பிறகு அடங்கினார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு இடுப்பளவுகூட இல்லாத தெளிந்த தண்ணீரில் நடந்தார். கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு நடந்தபோது, கேட்காமலே ஆரம்பித்தார்.

“நம்ம கல்யாணத்தன்னிக்கு விடியக்காலம் சத்திரத்துல மோட்டார் புகைஞ்சு போச்சே, ஞாபகம் இருக்கா? சமையல்காரர் கரண்டியைப் போட்டுட்டு வெளிய வந்துட்டாரு. எங்க பெரியப்பா குதிச்சாரு. உங்கப்பா ரெண்டு கைலயும் குடத்தை வச்சுக்கிட்டு, தெருவுல வீடு வீடாப் போய் நின்னாரு. மாப்பிள்ளை கோலத்துல நான் மாடியிலேர்ந்து பாத்துக்கிட்டிருந்தேன். அந்த முகம் போகவே மாட்டேங்குது.”

சரி, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. குடத்தோடு நின்றது என் அப்பாதான். அன்றைக்குச் சத்திரத்தில் தண்ணீர் இல்லை என்பதே எனக்குத் தெரியாது, அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. அப்பாவும் கடைசிவரை சொன்னதில்லை. கல்பேனித் தண்ணீரில் நின்று இதைக் கேட்டபோது, இந்த மனிதரின் மோட்டாரை எல்லாம் மன்னித்துவிடலாம் போலத்தான் இருந்தது.

மறுநாள் மினிக்காயில் போன் கைக்கு வந்துவிட்டது.

மினிக்காய் மற்றத் தீவுகள் மாதிரி இல்லை. மாலத்தீவுப் பக்கம் சாய்ந்த தீவு. பேச்சு மஹல், சமையலில் சூரை மீனும் மாசியும். 1885இல் வெள்ளைக்காரன் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. மூச்சு வாங்க ஏறிப் போனால் தென்னந்தோப்பும் பிறை வடிவக் கடலும் காலடியில் விரியும். அங்கே ஏறி அவர் கண்ட காட்சி, நான்கு கோடு. பேசி முடித்து இறங்கியபோது, கூட வந்த உள்ளூர்க்காரர் ஊரைப் பற்றிச் சொன்னார். இங்கே ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலோட்டிகள், உலகம் சுற்றப் போய்விடுவார்கள், வீடு வாசலைப் பெண்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். நம்மவர் கவலையோடு கேட்டார்: “அப்ப மோட்டாரு யார் போடறது?”

யார் போடுவது? மடிப்பாக்கத்தில் யார் போடுகிறார்கள்? நான் போடுகிறேன். தினமும். காய்ச்சலென்றாலும் போடுகிறேன். அவர் வீட்டில் இருக்கும் நாளில் தொட்டி நிறைந்து, சன்ஷேடில் கொட்டி, தெருவில் ஆறாக ஓடினாலும், பேப்பருக்குப் பின்னாலிருந்து “ஏம்மா, தண்ணி வழியுதே” என்று ஒரு குரல் வரும். தகவல் தருவதோடு அவர் இலாகா முடிந்தது. எதிர்வீட்டு சாருக்கு ஸ்கேல் வைத்துப் படம் போட்டாரே, அன்று சமையலறை வாசலில் வந்து நின்று என்னைக் கேட்டார்: “ஏன்ம்மா, பச்சை மேல இருக்கா, கீழ இருக்கா?”

வெளியூரிலிருந்து அவர் என்னை அழைத்த ஒரு அழைப்பிலும் ‘சாப்பிட்டியா’ என்று ஆரம்பித்ததில்லை. என் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து பேசினார். “மோட்டார் போட்டுட்டுத்தானே கிளம்பின?” இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அன்றைக்கும் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. அப்பா முகம் ஞாபகம் இருக்கிறவருக்கு, அன்று என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று கேட்கத் தோன்றவில்லையே.

ஊர் திரும்பியபோது எதிர்வீட்டு சார் சாவியோடு வாசலில் காத்திருந்தார். மாடிப்படிக்குக் கீழே அழைத்துப் போய்க் காட்டினார். மோட்டாருக்கு மேலே சுவரில் சின்னதாக ஒரு பெட்டி, விளக்கு மினுக்கியது. லெவல் கன்ட்ரோலர். தொட்டி குறைந்தால் தானே போடும், நிறைந்தால் தானே நிறுத்தும். “எங்க சார்பா கல்யாண நாள் பரிசு” என்றார். தினம் இரண்டு அழைப்பு வாங்கிய மனிதர் சொந்தக் காசைப் போட்டுத் தேடிக்கொண்ட விடுதலை அது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். இவர் பெட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அது ஒழுங்கா நிறுத்துதான்னு யார் பாக்கறது?” என்றார்.

அடுத்த வருஷம் அந்தமான் போகலாமாம். விமானத்தில் போனால் இரண்டரை மணி நேரம்தான் என்று ஆசை காட்டுகிறார். கப்பல்தான் என்று நான் சொல்லிவிட்டேன். சென்னையிலிருந்தே புறப்படுகிறது, போய்ச் சேர மூன்று நாள், வழியில் ஒரு கோடு சிக்னல் கிடையாது. எல்லாம் விசாரித்தாயிற்று. டிக்கெட்டை நானே எடுத்துவிடுகிறேன்.