முதுமடிக்கணினியுள் லினக்ஸ் புகுமுறையும் எஃப்12 விசையின் காலமும்: ஒரு மறுநோக்கு

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவுவது பற்றி எழுதிய முன்னோர் அனைவரும் நிறுவிய பின் நிகழ்வனவற்றையே விரித்தனர். உள்ளே நுழைவது எப்படி என்பதை ஒரே வரியில், அதுவும் ‘பிறகு பென்டிரைவிலிருந்து பூட் செய்க’ என்னும் வரியில், கடந்து போயினர். அந்த வரியின் இடுக்கில்தான் இத்துறையின் துயரம் முழுவதும் கிடக்கிறது. ஆகவே இக்கட்டுரை நிறுவும் கொள்கை ஒன்றே: முதுமடிக்கணினி லினக்ஸை மறுப்பதில்லை, அது வந்து சேரும் வழியை மட்டுமே மறுக்கிறது. சான்று வெளிப்படை. 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் இதனை எழுதத் தொடங்கியது 386 சில்லு ஒன்றின்மேல். 2003இல் வந்த பென்டியம் எம் சில்லு அதனினும் பன்மடங்கு வலியது. பப்பி, ஆன்டிஎக்ஸ் போன்ற எளிய லினக்ஸ் வகைகளை இன்றும் சுமக்கும். பின் தடை எங்கே? கணினியை எழுப்பும் நிரலாகிய பயாஸில். பயாஸ் வட்டின் முதல் 512 பைட்டை நினைவகத்தில் ஏற்றி, கடைசி இரண்டு பைட்டும் 55, ஏஏ என்று இருக்கின்றனவா என்று பார்க்கும். இருந்தால் மறுபேச்சின்றி ஆட்சியை ஒப்படைத்துவிடும். நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்று அது படிப்பதேயில்லை. ஆய்வேடுகளை மதிப்பிடும் முறை இதிலிருந்து பெறப்பட்டது என ஒரு சாரார் கருதுவர். காலத்தால் மதிப்பீட்டு முறையே முந்தியது என்பது எம் துணிபு.

வழிகள் ஐந்து. நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 எம்பி, இரங்கி மேற்செல்க. குறுந்தட்டு, டிரைவ் வேலை செய்யுமாயின் சிறந்தது, வேலை செய்வதில்லை. (குறுந்தட்டிலிருந்து பூட் செய்யும் தரமுறையை 1995இல் ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் வகுத்தன. எல் டொரிட்டோ என்னும் அதன் பெயர் கலிபோர்னியாவில் பொறியாளர்கள் உண்ட உணவகத்தினது என்பது செவிவழிச் செய்தி. புனைந்து எழுத வந்தவனுக்கு உண்மை அதிகம் விட்டுவைப்பதில்லை.) வலைவழியாகிய பி.எக்ஸ்.இ. முறையில் மடிக்கணினி டிஎச்சிபியிடம் முகவரி பெற்று, டிஎஃப்டிபியிடம் பூட் கோப்பை இழுத்துக்கொள்ளும். அதற்கு இன்னொரு கணினி வேண்டும். அது நன்றாக ஓடுகிறதென்றால் இந்தப் பழையதைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்ற வினா எழும், எழவிடலாகாது. வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி, நிறுவி, மீண்டும் பொருத்துவது பயன் தரும் வழி. ஆதலால் அதில் ஆராய ஒன்றுமில்லை. எஞ்சியது பென்டிரைவ். பழைய பயாஸ்கள் பல யூ.எஸ்.பி. துளையை மௌசுக்கும் விசைப்பலகைக்குமே உரியதாகக் கொண்டன. அவற்றுக்கெனப் பிளாப் என்றொரு பூட் மேலாளர் உண்டு. குறுந்தட்டில் அதைத் தொடங்கி அங்கிருந்து பென்டிரைவுக்குத் தாவலாம். குறுந்தட்டு டிரைவின் நிலை மேலே கூறப்பட்டது. அதற்கும் வழியாக, பிளாப்பை வன்வட்டிலேயே வைத்துப் பழைய விண்டோஸின் பூட் பட்டியலில் சேர்ப்பாரும் உளர். வெளியேற்றப்பட இருப்பவரையே கதவு திறக்கச் சொல்லும் இம்முறையின் அறம் தனியே ஆராயத்தக்கது.

பென்டிரைவை ஏற்கும் பயாஸே வாய்த்தாலும், அதனிடம் அதைச் சொல்ல ஒரு விசை வேண்டும். எந்த விசை? டெல், லெனோவோ, தோஷிபா பாடங்களில் எஃப்12. எச்பி பாடத்தில் எஃப்9. ஏசுஸ் பாடத்தில் எஸ்கேப். ஏசர் பாடத்திலும் எஃப்12தான். ஆனால் முதலில் எஃப்2 வழியே உள்ளே போய் எஃப்12க்கு உயிர் கொடுத்தாலொழிய அது பல மாடல்களில் செல்லாது. விசையினும் நுட்பமானது அதன் காலம். சின்னம் திரையில் தோன்றுமுன் அழுத்தினால் பயாஸ் காது கொடுக்காது. மறைந்தபின் அழுத்தினால் விண்டோஸ் எழுந்து உட்கார்ந்துவிடும். இடைப்பட்ட ஓரிரு நொடி பற்றியே தட்டுநர், அழுத்துநர் என இரு கட்சிகள் பிரிந்தன. தட்டுநர், மின்விசை போட்டதும் மரங்கொத்தி முறையில் தட்டிக்கொண்டே இருப்பர். அழுத்துநர் வைத்த விரலை எடுக்கமாட்டார். ஒட்டிக்கொண்ட விசை என்று கருதிச் சில பயாஸ்கள் பிழை காட்டி நிற்பதை அவர் பொருட்படுத்துவதுமில்லை. அழுத்துநர்க்கு ஆதாரம் ‘விசை விளக்கம்’ என்னும் நூல். அந்நூல் எழுதப்படவில்லை, எனினும் அதற்கு இரண்டு உரைகள் உண்டு. முதல் உரைகாரர் ‘அழுத்துக’ என்பதற்கு ‘விடாது அழுத்துக’ என்று பொருள் கொண்டார். இரண்டாமவர் ‘விட்டுவிட்டு அழுத்துக’ எனக் கொண்டு, முதல்வரை விசைப்பலகை தொட்டறியார் என்று இகழ்ந்தார். இவ்விருவரையும் மறுத்து எழுந்த மூன்றாம் நூல் கரையான் தின்ற பகுதியில் மட்டும் முழுமையாகக் கிடைக்கிறது. அதன் பதினேழாம் ஓலையின் பின்புறத்து இடது ஓரத்தில், வேறொரு கையெழுத்தில், தலைகீழாக, ‘எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்திப் பார்த்தாயா?’ என்று காணப்படுகிறது. இஃது இடைச்செருகல் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடில்லை. சில மடிக்கணினிகளில் பலிப்பது இந்த இடைச்செருகல் மட்டுமே.

‘பயாஸைக் கடந்த பின்னும் கெர்னல் ஓடாமல் நிற்கிறதே, அது லினக்ஸை மறுப்பதன்றோ?’ எனின், அன்று. தொடக்ககாலப் பென்டியம் எம் சில்லுகளுக்கு பிஏஇ என்னும் திறன் உண்டு. கேட்டால் மட்டும் உண்டென்று சொல்லாது. பிஏஇ கட்டாயம் என்னும் கெர்னல் அதை நம்பித் திரும்பிவிடும். 2014இல் ‘ஃபோர்ஸ்பிஏஇ’ என்னும் கட்டளைச் சொல் கெர்னலில் சேர்க்கப்பட்டது. அதை பூட் வரியில் சேர்த்தால் எச்சரித்துவிட்டு ஓடும். உள்ளதை இல்லையென்று சொல்லும் இவ்வடக்கம் சில்லுகளிடம் மட்டுமே காணப்படுவது. அறிஞரிடம் காணப்படுவது இதன் மறுதலை. இனி, தாய்ப்பலகையின் காசுபோன்ற பேட்டரி செத்துப்போனால் பூட் வரிசை மறந்துபோகும், கடிகாரமும் பழைய ஆண்டுக்கு ஓடிவிடும். டெபியன் என்னும் லினக்ஸ் வகையில் மென்பொருள் இறக்கும் கருவியாகிய ஏபிடி, களஞ்சியக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுக்கும். அதன் கணக்கில் அக்கோப்பு எதிர்காலத்திலிருந்து வந்தது. இதுவும் வழியின் குற்றமே. தேதியைத் திருத்தினால் தீரும். பேட்டரி செத்த மடிக்கணினி தன் காலத்தைப் பத்திருபது ஆண்டு பிழையாகச் சொல்கிறது. நம் இலக்கியக் கால ஆராய்ச்சியோடு வைத்துப் பார்த்தால் அது துல்லியத்தில் சேரும்.

‘புதிதாக ஒன்று வாங்கினால் இவ்வளவு தொல்லை இல்லையே’ என்பார்க்கு விடை: 2012இல் விண்டோஸ் 8 உடன், கையொப்பமில்லாத பூட் நிரலை மறுக்கும் செக்யூர் பூட் பரவியது. அது உள்ள கணினியில் இடையூறின்றி நுழைய, பெயர்பெற்ற லினக்ஸ் வகைகள் பலவும் ஷிம் என்னும் சிறு நிரலுக்கு மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் பெற்று வருகின்றன. பழையது அறியாமையால் மறுத்தது. புதியது சான்றிதழ் கேட்டு மறுக்கிறது. மறுப்பு இரண்டிடத்தும் வாசலிலேயே நிகழ்கிறது என்பதால் எம் கொள்கைக்கு இழுக்கில்லை. நிறுவி முடித்ததும் வைஃபை இயங்க ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க வைஃபை வேண்டும் என்று பல்லாண்டு நீடித்த இடர், 2023இல் வந்த டெபியன் 12 ஃபர்ம்வேரைத் தன் நிறுவியிலேயே சேர்த்ததால் அவ்வகையில் பெரிதும் நீங்கிற்று. பழைய பதிப்புகளோடு மல்லுக்கட்டுவோர்க்கு நீங்கவில்லை. அது உள்ளே நுழைந்த பின் நிகழ்வதாகலின் இக்கட்டுரைக்குப் புறம்பு. அப்பொருளில் தனி ஆய்வேடு எழுத விழைவோர் உரிய துறையில் பதிவு செய்துகொள்ளலாம். விண்ணப்பங்கள் இணையவழி மட்டுமே ஏற்கப்படும்.