பிளாஸ்டிக் கூரையும் பிடிவாதக் கறையும்

கேள்வி: பிரிட்டன் வீடுகளை ஒட்டியுள்ள கண்ணாடி அறையின் பாலிகார்பனேட் கூரையில் பல ஆண்டுக் கறை போகுமா?

பதில்: பச்சையும் கறுப்புமாகப் படிந்திருப்பது பெரும்பாலும் பாசி. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில துளி கலந்து, நன்றாக ஊறவிட்டு, மென்மையான துணியால் துடைத்தால் போகும், அவசரக்காரருக்குப் போகாது. அசிட்டோன், அமோனியா, கம்பி நார் மூன்றும் கூடவே கூடாது. முதல் இரண்டும் தகட்டில் நுண்வெடிப்பு உண்டாக்கும்; மூன்றாவது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மேற்பூச்சைச் சுரண்டிவிடும். கொளுத்தும் வெயிலில் கழுவினால் சோப்பே புதுக் கறையாகும். தகட்டின் உள்ளே உள்ள வெற்றறைகளில் புகுந்த பாசிக்கு, ஓரத்தை மூடிய ஒட்டுப் பட்டையைக் கழற்றி நீர் பாய்ச்சி, காயவிட்டு, புதுப் பட்டை ஒட்ட வேண்டும். மஞ்சளித்தது கறையல்ல, வெயில் தந்த மூப்பு. தகட்டை மாற்றுவதே வழி. கூரைமேல் மட்டும் ஏறி நிற்காதீர்கள். அது ஆள் பாரம் தாங்காது.